பிடியரிசியும் வித்தியாசாலையும்

ஒரு கல்விச்சாலையின் நோக்கம் யாதென அறிய விரும்புவோர், அஃது எவர் பொருளால் எழுந்தது, எவர்க்காகத் திறந்தது என்னும் இரண்டினையும் ஆராய்தல் வேண்டும். அண்மையில் நம்மவருள் சிலர், "நம் சமூகத்தார் பொருளீந்து நடத்தும் பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்கே முதலிடம் அளித்தலாகாதோ?" என்று வினவக் கேட்கின்றோம். இவ்வினாவைப் பழித்து ஒதுக்குதல் முறையன்று. விருதுநகர்ச் சத்திரிய வித்தியாசாலையின் சரித்திரமே இதற்குத் தக்க விடை கூறும்.

அவ்வித்தியாசாலை 1889-ஆம் ஆண்டில் தோன்றியது. ஊருக்கு அன்று விருதுபட்டி என்பது பெயர். விருதுநகர் என வழங்கியது 1923-க்குப் பின்னரேயாம். பஞ்சும் வற்றலும் தானியமும் விற்று வாழ்ந்த நாடார் வணிகர், தம் உறவின்முறை வாயிலாக, விலையாகும் மூட்டைதோறும் ஒரு சிறு தொகையை மகிமையென ஒதுக்கி வந்தனர். கிணறு, கோயில், சத்திரம் முதலிய பொதுத் தருமங்கள் இம்மகிமையால் நடைபெற்றன. இலாபத்தின் ஒரு பகுதி ஊருக்குரியது என்பதே அவர் கொள்கை.

எனினும் வித்தியாசாலையின் பெருமை வணிகர்க்கு மட்டும் உரியதன்று. இல்லந்தோறும் மாதர் உலையிலிட அரிசி அளக்குங்கால், அதினின்று ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டுவைப்பர். அவ்வரிசியை வீடுதோறும் தண்டி விற்று, வந்த பணத்தைப் பள்ளிச் செலவிற்கு ஆக்கினர். பிள்ளைகள் சம்பளமின்றிப் பயின்றனர். அக்காலத்து மாதரிற் பெரும்பாலார் எழுத்தறியாதவர் என்பதை நாம் மறத்தலாகாது. தாம் பெறாத கல்வியைப் பிறர் பெறும்பொருட்டு அவர் அளித்த கொடை அது. பொருளுடையார் வீட்டுப் பிடியும் வறியார் வீட்டுப் பிடியும் ஒரே அளவினவாதலின், இப்பள்ளியில் எல்லார்க்கும் ஒத்த உரிமை உண்டாயிற்று.

அந்நாளில் நம்மவர் நிலை எத்தகையது? கமுதிக் கோயிலில் 1897-இல் நுழைந்தமைபற்றி எழுந்த வழக்கு, 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் நமக்கு மாறாகவே முடிந்தது. 1899-இல் சிவகாசிக் கலகம் நிகழ்ந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிற் கதவு நமக்கும் பிற சமூகத்தார்க்கும் திறந்தது 1939 ஜூலை 8-ஆம் நாளிலேயே. இங்ஙனம் பல வாயில்கள் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், நம் முன்னோர் தாம் கட்டிய பள்ளியின் வாயிலைப் பிற சமூகத்துப் பிள்ளைகளுக்கும் திறந்துவைத்தனர். தம்மை விலக்கினோரைத் தாமும் விலக்க அவர்க்கு நியாயம் இருந்தது. ஆயினும் அதனை அவர் கைக்கொண்டிலர்.

இப்பள்ளியிற் பயின்றோருள் ஒருவர் 1903-இற் பிறந்த காமராசர். தந்தையை ஆறாம் வயதில் இழந்து, சில ஆண்டுகளிற் படிப்பை நிறுத்தி, மாமன் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பிடியரிசியாற் சம்பளமின்றிக் கற்ற அவ்விளைஞரே 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராய் இருந்து, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு கிடைக்கச் செய்தார். அவ்வுணவைச் சாதி நோக்கி அவர் அளித்தாரல்லர். அன்னையர் இட்ட பிடியரிசி, சோறாகிப் பல்லாயிரம் பிள்ளைகளின் இலைக்கு மீண்டது என்று நாம் கருதுகின்றோம்.

ஆதலின் முதற்கண் எடுத்த வினாவிற்கு விடை தெளிவாம். நம் பள்ளிகளில் முதலிடம் வறிய பிள்ளைக்கே உரியது. அவன் நம்மவனாயின் மகிழ்வோம். பிறனாயினும் மகிழ்தல் வேண்டும். உயர்ந்த கட்டடமும் நூற்றுக்கு நூறு தேர்ச்சியும் பெற்று, சம்பளங்கட்ட இயலாத ஒரு பிள்ளையை வாயிலினின்று திருப்பியனுப்பும் பள்ளி, நம் பெயரைத் தாங்கினும் நம் முன்னோர் பள்ளியாகாது.

இன்று நம் இல்லங்களில் அக்கலயம் இல்லை. ஆயினும் திருமணத்திற்கும் புதுமனை புகுதலுக்கும் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஆண்டுதோறும் ஒரு பிள்ளையின் கல்விச் செலவை ஏற்றல் நம்மிற் பலர்க்கு அரிதன்று. அங்ஙனம் ஏற்குங்கால் அப்பிள்ளையின் சாதியை வினவாதிருப்போமாக. எழுத்தறியாத நம் பாட்டிமார்க்கு நாம் செலுத்தவேண்டிய கடன் இதுவே.