மா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளை: சில குறிப்புகள்

மா. கிருஷ்ணனைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வரியை மறக்காமல் எழுதிவிடுவார்கள்: அவர் கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம் எடுத்தார். எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நிற்கணும்னு தோன்றுகிறது. கலரா, கறுப்பு வெள்ளையா, எப்படி முடிவு பண்றீங்க என்று கேட்டால், படம் எடுக்கிற பலரும் "அது தானா மனசுக்குத் தோணும்" என்கிறார்கள். சரி, அப்படித் தோன்றுவது எங்கிருந்து வருகிறது?

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்தவர். படிப்பு இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பிரசிடென்சி கல்லூரியிலும். 1940களில் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். மற்றபடி மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் ரோடுவாசி (இன்றைய ராதாகிருஷ்ணன் சாலை). கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-இல் தொடங்கிய 'கண்ட்ரி நோட்புக்' பத்தியை 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை எழுதினார். 46 வருஷம்! தமிழ்க் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார்.

அவருடைய கேமராவும் பேர் போனது. வெவ்வேறு கம்பெனிகளின் பாகங்களைத் தன் கையால் ஒட்டுப்போட்டுச் சேர்த்தது. 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேறு வைத்திருந்தார். கனமான சாமான் என்பதைத்தான் அப்படிக் கிண்டலாகச் சொன்னார். அதைத் தூக்கிக்கொண்டு யானை மேலும் நடந்தும் காடு சுற்றினார்.

இப்போது ஃபிலிம் விஷயத்துக்கு வருவோம். இன்றைக்கு முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் கலரை வைப்பதா உருவுவதா என்று பார்க்கலாம். ஃபிலிம் காலத்தில் ரோலைப் போட்டாச்சுன்னா போட்டாச்சு. இன்னும் கண்ணில் படாத யானைக்காக, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு எடுத்தாக வேண்டும். அந்த முடிவுக்குப் பின்னால் மனசு மட்டும் இல்லை, இன்னும் சிலதும் இருந்தன.

ஒன்று, வெளிச்சம். 1960களில் பேர் பெற்ற கலர் ஸ்லைடு ஃபிலிமான கோடாக்குரோமின் வேகம் 25 ஏ.எஸ்.ஏ. அதே காலத்து டிரை-எக்ஸ் கறுப்பு வெள்ளையின் வேகம் 400. 16 மடங்கு வித்தியாசம். மர நிழலில் கலருக்கு ஒரு வினாடியில் 15-இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டுமென்றால், கறுப்பு வெள்ளைக்குக் கிட்டத்தட்ட 250-இல் ஒரு பங்கு போதும். யானை காதை ஆட்டினாலே முதல் படம் கலங்கிப் போகும்.

இரண்டு, சரக்கு. 1960-இல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967-இல் உற்பத்திக்கு வந்தது. அதன் 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல் நம்ம ஊர் சரக்கு. கலர் ஃபிலிம் இறக்குமதியை நம்பி இருந்தது, விலையும் அதிகம். கறுப்பு வெள்ளையை வீட்டு இருட்டறையிலேயே கழுவிப் பிரிண்ட் போடலாம். கலரை லேபுக்கு அனுப்ப வேண்டும்.

மூன்று, அச்சு. அன்றைய நாளிதழ்ப் பக்கம் கறுப்பு மையால் ஆனது.

அப்போ இது வெறும் வசதிக் கணக்குதானா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 1980களில் கலர் ரோல் சாதாரணமாகிவிட்டது. தி. நகர் கடைகளில் கலர் பிரிண்ட் கிடைத்தது, கல்யாண ஆல்பமெல்லாம் கலராகிவிட்டது. கிருஷ்ணன் மாறவில்லை. கலர் தெரியாத மனுஷனும் இல்லை. பிரசிடென்சியில் தாவரவியல் பேராசிரியர் ஃபைசனோடு நீலகிரி, கொடைக்கானல் என்று சுற்றியவர். ஃபைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டவர். பத்திக்கான படங்களையும் தானே கோட்டோவியமாக வரைந்தார்.

என் வாசிப்பு இது: அவர் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார். நிறத்தை எழுத்து பார்த்துக்கொள்ளும், உருவத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். யானையின் தோல் மடிப்பு, காட்டெருதின் தோள்மேடு, நிற்கிற தோரணை இதெல்லாம் கோட்டிலும் நிழலிலும் இருப்பவை. பேனாவால் வரைந்து பழகிய கண் அதைத்தான் முதலில் தேடும். முதலில் கட்டாயமாக வந்தது, பழகப் பழகப் பார்வையாகவே ஆகிவிட்டது. அந்தப் பார்வையைத்தான் நாம் உள்ளுணர்வு என்கிறோம் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிர்க்கட்சி ரகுபீர் சிங். தமிழ்நாட்டைப் பற்றியே ஒரு படத் தொகுப்பு வெளியிட்டவர். 1998-இல் வந்த 'ரிவர் ஆஃப் கலர்' முன்னுரையில், இந்தியக் கண்ணுக்கு இயல்பானது நிறம்தான், கறுப்பு வெள்ளையின் சோகம் மேற்கத்தியது என்கிற மாதிரி வாதிட்டார். சிற்றோவியம், துணி, திருவிழா என்று அவர் தொடும் மரபு உண்மைதான். ஆனால் நம்ம கோயில் கல்தூணும் கோலமும் அதே அளவுக்கு நம்ம மரபுதானே? அவற்றில் பேசுவது கோடும் நிழலும். அதனால் ஒரு நாட்டுக்கே ஒரே உள்ளுணர்வு என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

சந்தேகம் இருந்தால் கபாலீஸ்வரர் கோயில் கிழக்கு கோபுரத்தை இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள். கலரில் பெயின்ட் முந்திக்கொள்ளும், சுதை உருவங்கள் பின்னால் போய்விடும். கறுப்பு வெள்ளையில் சாய்வெயில் நேரத்தில் ஒவ்வொரு கையும் காலும் தனியாகப் புடைத்து நிற்கும். அதே சந்நிதித் தெருவில் அரக்குப் பட்டில் பச்சைக் கரை போட்ட புடவையை எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகிப் புடவையே காணாமல் போகும். எது சரி என்பது எதைக் காட்ட வந்தோம் என்பதில் இருக்கிறது.

இது இரண்டு படத்தில் பிடிபடாது, நாள் கணக்கில் ஆகும். ஃபோனைக் கறுப்பு வெள்ளையில் வைத்து ஒரு மாதம் மாட வீதிகளைச் சுற்றினால், எந்த இடத்தில் நிறம் இல்லாமல் தவிக்கிறோம் என்று தெரிந்துவிடும். அதற்கு முன் கிருஷ்ணனின் படங்கள் தொகுக்கப்பட்ட 'ஐ இன் தி ஜங்கிள்' (2006) நூலகத்தில் கிடைத்தால் ஒரு தடவை புரட்டுங்கள். யானைப் படங்களில் கொஞ்சம் நிதானிக்கவும்.