நிரம்பும் அட்டவணையும் வழியும் வரிசையும்

லினக்ஸ் சர்வர் ஒன்றில் 'சிஸ்சிடிஎல் -ஏ' என்று கேட்டால் நூற்றுக்கணக்கான கெர்னல் அமைப்புகள் வந்து விழும். எவற்றைக் கண்காணிப்பில் சேர்ப்பது என்ற கேள்விக்கு நீண்ட பட்டியலைவிட இரண்டு அமைப்புகளின் ஒப்பீடே நல்ல விடை தரும் என்பது என் கருத்து. ஒன்று கான்ட்ராக்மேக்ஸ், மற்றொன்று சோமேக்ஸ்கான். முன்னது ஃபயர்வால் நினைவில் வைக்கும் இணைப்புகளுக்கு உச்சவரம்பு. பின்னது செயலி ஏற்கும்வரை காத்திருக்கும் இணைப்புகளுக்கு உச்சவரம்பு. வேலையில் இவை வேறானவை; எழுதியவர்களும் வேறு, இருக்கும் இடமும் வேறு.

ஆனால் இவை மீறப்படும்போது வெளியே தெரியும் நோய்க்குறி ஒன்றே என்பதுதான் வியப்பு. ஃபயர்வாலின் அந்த நினைவான கான்ட்ராக் அட்டவணை நிரம்பினால் புது இணைப்பின் முதல் பாக்கெட் கைவிடப்படுகிறது. ஏற்பு வரிசை நிரம்பினாலும் புது இணைப்பின் முதல் பாக்கெட்தான் கைவிடப்படுகிறது. இரண்டிலும் கிளையன்ட்டுக்கு மறுப்பு எதுவும் போவதில்லை. அது பொதுவாக 1 விநாடி காத்து மீண்டும் அனுப்பும், அடுத்து 2 விநாடி, பிறகு 4. அதனால் பயனர் காணும் தாமதம் 1, 3, 7 விநாடி என்று படிப்படியாக ஏறும். ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளுக்கோ பாதிப்பே இல்லை. நிர்வாகி திறந்து வைத்திருக்கும் எஸ்எஸ்எச் திரை வழக்கம்போல் ஓடுகிறது, சிபியு ஓய்வில் இருக்கிறது, செயலியின் லாகில் ஒரு வரியும் இல்லை. செயலியை எட்டாத இணைப்பைப் பற்றி அது எப்படி எழுதும்?

தடயத்தில் இரண்டும் பிரிகின்றன. அட்டவணை நிரம்பியதையும் பாக்கெட்டைக் கைவிடுவதையும் கான்ட்ராக் கெர்னல் லாகிலேயே அறிவித்துவிடுகிறது. உச்சவரம்புக்குப் பக்கத்திலேயே தற்போதைய எண்ணிக்கையும் கிடைக்கும்; வகுத்தால் விகிதம் வந்துவிடும். சோமேக்ஸ்கானுக்கு அப்படி ஒரு துணை எண் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி வரிசை உண்டு. வழிந்ததற்குச் சான்றாக 'லிசன்ஓவர்ஃப்ளோஸ்' என்ற கூட்டெண் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

காலக்கணக்கிலும் வேறுபாடு பெரிது. முடிந்துபோன டிசிபி இணைப்பைக் கான்ட்ராக் இயல்பாக 120 விநாடி நினைவில் வைக்கிறது. நிலைபெற்று அசையாமல் கிடப்பதை 4,32,000 விநாடி, அதாவது 5 நாள். பல சர்வர்களில் அட்டவணையின் அளவு 2,62,144. விநாடிக்கு ஏறத்தாழ 2,200 குறுகிய இணைப்புகள் தொடர்ந்து வந்தாலே அது நிரம்பும், ஆனால் நிரம்ப நிமிடங்கள் பிடிக்கும். 128 இடமுள்ள ஏற்பு வரிசையோ, விநாடிக்கு 1,300 இணைப்பு வரும் நேரத்தில் செயலி நூறு மில்லிவிநாடி தடுமாறினாலே வழிந்துவிடும். 15 விநாடிக்கு ஒருமுறை அளக்கும் கருவி முன்னதைப் பிடித்துவிடும், பின்னதைத் தவறவிடும். ஏரியின் நீர்மட்டத்தை அளவுகோலில் பார்க்கிறோம். கலிங்கு வழிந்ததை வழிந்த தடத்தில்தான் பார்க்கிறோம்.

எழுதி வைத்த மதிப்பு நடைமுறையில் இல்லாமற்போவதில் இரண்டும் மீண்டும் உறவாகின்றன. வழிதான் வேறு. கான்ட்ராக் மாட்யூல் ஏற்றப்படாதவரை அதன் அமைப்பே இல்லை. ஆகவே பூட் ஆகும்போது உள்ளமைவுக் கோப்பில் உள்ள மதிப்பு பொருந்தாமல் போய், பின்னர் டாக்கர் அந்த மாட்யூலை ஏற்றும்போது இயல்பு மதிப்பு அமர்ந்துவிடும். குபர்நெட்டிஸில் கியூப்-பிராக்ஸி தன் கணக்குப்படி அதை மாற்றி எழுதவும் கூடும். சோமேக்ஸ்கானில் எண் சரியாகவே தெரியும், பயனில் இருக்காது. சாக்கெட் கேட்கத் தொடங்கிய நொடியில் இருந்த உச்சவரம்பே அதற்குப் பொருந்தும்; பிறகு உயர்த்தினாலும் சேவையை மறுபடி தொடங்கும்வரை பழையதுதான். எஞ்சின்எக்ஸும் ரெடிஸும் இயல்பாக 511 இடம் கேட்கும். 2019-இல் வந்த 5.4 பதிப்பு இயல்பு மதிப்பை 4096 ஆக்கும்வரை கெர்னல் ஓசையின்றி 128 மட்டும் கொடுத்துவந்தது. இதை லாகில் எச்சரித்த ரெடிஸைப் பாராட்ட வேண்டும். கன்டெய்னருக்குள் போனால் சோமேக்ஸ்கானும் லிசன்ஓவர்ஃப்ளோஸ் கூட்டெண்ணும் அதன் நெட்வொர்க் வெளிக்கே உரியவை. ஹோஸ்ட்டில் அளப்பவர் கண்ணுக்கு இரண்டுமே படாது.

ஆகவே கான்ட்ராக்கில் விகிதத்தையும், உச்சவரம்பு நாம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்பதையும் கண்காணிக்க வேண்டும். சோமேக்ஸ்கானில் அமைப்பின் எண்ணைவிட, வழிந்த கூட்டெண்ணின் ஏற்றமும் 'எஸ்எஸ் -எல்டிஎன்' காட்டும் ஒவ்வொரு சாக்கெட்டின் உண்மையான வரம்புமே முக்கியம். எது தீர்ந்துபோகும், தீர்ந்தது எங்கே தெரியும் என்று மற்ற அமைப்புகளையும் இப்படியே கேட்கலாம். திறந்த கோப்புகளின் உச்சவரம்பான ஃபைல்-மேக்ஸ் இந்தக் கேள்வியில் தேறாது: 2018-இல் வெளிவந்த சிஸ்டம்டி 240 முதல் அதன் மதிப்பு இயன்ற உச்சத்துக்கு உயர்த்தப்படுகிறது; அதன் விகித வரைபடம் இனி அசையாது.

டேஷ்போர்டில் ஒன்றுக்கு மட்டுமே இடம் என்றால் நான் லிசன்ஓவர்ஃப்ளோஸைத் தேர்வேன். கான்ட்ராக் நிரம்பினால் கெர்னல் லாகாவது சொல்லும். ஏற்பு வரிசை வழிந்ததற்கு அந்தக் கூட்டெண்ணைவிட உறுதியான சாட்சி இல்லை.