நார்வேக்காரர் மறக்காத பழைய அசை

நார்வே மொழியில் குடியானவர்களுக்குப் 'பொன்னெர்' என்று பெயர். பிரார்த்தனைகளுக்கும் 'பொன்னெர்' தான். முதல் சொல்லை எழுதும்போது நடுவில் ஒரு 'ட்' வரும். பேச்சில் அது ஒலிக்காது. (முதல் உயிர் 'எ'வுக்கும் 'ஒ'வுக்கும் இடைப்பட்டது. பிரெஞ்சு படித்தவர்களுக்குச் சிரமமில்லை.) ஆனாலும் கேட்பவர் குழம்புவதில்லை. ஆஸ்லோ பக்கத்தில் குடியானவர் என்ற சொல் தாழ்ந்த குரலில் தொடங்கி ஏறும். பிரார்த்தனை உயர்ந்த குரலில் தொடங்கி, இறங்கி, மறுபடி ஏறும்.

இந்த ராக வேறுபாடு வந்த கதைதான் என்னைக் கவர்ந்தது. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய நார்ஸ் மொழியில் குடியானவர்களைக் குறித்த சொல்லுக்கு ஓரசைதான். கடைசி 'ர்' தனி உயிரில்லாமல் முன்னிருந்த மெய்களோடு ஒட்டியிருந்தது. பிரார்த்தனைகள் அன்றே ஈரசை. பிற்பாடு நாக்குக்கு வசதியாக முதல் சொல்லின் உள்ளே ஓர் 'எ' முளைத்தது. இப்போது இரண்டும் ஈரசை. ராகம் மட்டும் பழைய கணக்கை விடவில்லை.

'தாங்கென்' என்ற சொல்லிலும் இதே கதை. 'தாங்க்' என்றால் தொட்டி, 'தாங்கெ' என்றால் எண்ணம். 'அந்த' என்று சுட்டும் ஒட்டு சேர்ந்ததும் இரண்டும் 'தாங்கென்' ஆகிவிடும், எழுத்திலும் வித்தியாசமில்லை. அந்த ஒட்டு ஒரு காலத்தில் தனிச்சொல். ஆகவே தொட்டி இன்னமும் ஓரசைச் சொல்லின் ராகத்தில்தான் ஒலிக்கிறது.

கூட்டுச் சொற்களில் அழுத்தம் முதல் பகுதியில் விழும். இரண்டாவது பகுதி சற்று அடங்கி ஒலிக்கும். 'லம்மெலோர்' என்று சேர்த்து எழுதினால் ஆட்டுக்குட்டித் தொடைக் கறி. இடைவெளி விட்டால் முடங்கிப்போன தொடைகள்! அப்போது அழுத்தமும் இரண்டு இடத்தில் விழும். 'புகையற்ற இடம்' என்ற அறிவிப்பைப் பிரித்து எழுதினால் 'தாராளமாகப் புகை பிடி' என்றாகும். வரி முடிவில் சொல்லை உடைப்பதிலும் கவனம் வேண்டும். 'பீல்' கார், 'உலுக்கெ' விபத்து. 'பீலுலுக்கெ' என்ற கார் விபத்தை 'பீல்' என்ற இடத்தில்தான் உடைக்கலாம், 'பீ' என்று நிறுத்தக் கூடாது. ஆபீஸில் தட்டச்சு செய்த காலத்தில் வரி ஓரத்தில் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

1814 வரை நார்வே டென்மார்க்கோடு இணைந்திருந்ததால் எழுத்து டேனிஷ் வழியில் போயிற்று. 1840களில் ஈவார் ஓசென் கிராமம் கிராமமாகச் சென்று வட்டாரப் பேச்சைத் திரட்டி, 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டார். இன்று அங்கே எழுத்துமொழி இரண்டு. ராகத்துக்கு இரண்டிலும் குறியில்லை. பிள்ளைகள் காதால்தான் கற்கிறார்கள்.

பிரெஞ்சில் நாங்கள் 'அவி' என்று கடைசி 's'ஐ விழுங்கிச் சொன்ன சொல், அங்கே 'அவீஸ்' என்று செய்தித்தாளாகியிருக்கிறது. அழுத்தம் முறைப்படி பிரெஞ்சு போலக் கடைசி அசையில்தான். ஆனால் ஆஸ்லோ பக்கத்துப் பழைய நாட்டுப்பேச்சில் அதையும் தங்கள் சொல்லாக்கி, முதல் அசையில் அழுத்திவிடுவார்கள்.