சுவர் எழுந்த காலம்

பாரிஸின் 9ஆம் வட்டாரத்தில், இரண்டாம் மாடியில் ஒரு பழைய குடியிருப்பு. அதை வாங்கிய தம்பதிக்கு வெளிச்சமும் அமைதியுமான, அடைசல் இல்லாத வீடு வேண்டும். தெருப்பக்க அறைகளைப் பிரிக்கும் சுவரையும் சமையலறைச் சுவரையும் இடிக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். கட்டடத்தின் பழைய வரைபடம் கிடைக்கவில்லை. 1871 மே மாதம், பாரிஸ் கம்யூனின் கடைசி நாட்களில், நகரமன்றக் கட்டடம் எரிந்தபோது ஏராளமான நகர ஆவணங்கள் சாம்பலாயின.

வரிக்காரர்களின் ஏடுகள் தப்பிவிட்டன. பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் டி1பி4 என்ற வரிசை இருக்கிறது. 1852, 1862, 1876, 1900 எனப் பல சுற்றுகளில் எழுதப்பட்ட குறிப்பேடுகள். வீடு வீடாக, மாடி மாடியாகக் குடியிருப்பவர், தொழில், வாடகை மதிப்பு, அறைகள் எல்லாம் அவற்றில் உண்டு. கணப்பு உள்ள அறை, இல்லாத அறை என்றுகூடப் பிரித்து எழுதியிருப்பார்கள். எனக்கு அந்த ஒரு வழக்கமே போதுமானதாக இருந்தது.

1852இல் அந்த இடம் வெற்றுமனை. 1862இல் அந்த இரண்டாம் மாடியில் கணப்புள்ள அறைகள் நான்கு, இல்லாதது ஒன்று. 1876லும் அப்படியே. 1900இல் கணப்பில்லாதவை இரண்டு. தொழில் பத்தியில் தையல். இடைப்பட்ட காலத்தில் யாரோ ஒரு அறையை இரண்டாக்கியிருக்கிறார்கள்.

அந்தக் குடியிருப்புக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். உட்கூரையின் ஓரத்தில் ஓடும் பூவேலை, மூலையில் மடியாமல் நேரே அறைகளைப் பிரிக்கும் சுவருக்குள் புகுந்திருந்தது. பாதி இலையோடு நின்றது. கணப்பு ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. சுவரடிப் பட்டையைக் கழற்றினால், மீன்முள் வடிவில் பதித்த ஓக் பலகைகள் சுவருக்கு அடியில் தொடர்ந்தன. ஆக, இந்தச் சுவர் பிறகு எழுந்த வெறும் தடுப்பு.

சமையலறைச் சுவரின் கதை வேறு. தெருச்சுவருக்கு இணையாக, கட்டடத்தின் நடுவில் ஓடும் சுவர் அது. பொறியாளர் உட்கூரையை ஓரிடத்தில் திறந்து காட்டினார்: இரும்பு விட்டங்களின் ஒரு முனை அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடக் கூடாது என்றோம். திறந்த சமையலறைமீது ஆசை வைத்திருந்த வீட்டுக்காரருக்கு வருத்தம்தான். ஆனால் தாளிக்கும் சத்தமும் வாசனையும் கூடத்துக்கு வராமல் தடுக்கும் கனமான சுவர் அமைதியின் எதிரி அல்ல. எல்லாவற்றையும் பெயர்த்து வெள்ளையடித்தால் அமைதி வந்துவிடும் என்பதை நான் ஏற்பதில்லை.

தடுப்புச் சுவரை இறக்க ஒரு நிபந்தனை வைத்தோம். கட்டடங்களில் ஈய வெள்ளைப் பூச்சைத் தடுக்கும் சட்டம் பிரான்சில் 1909இல் நிறைவேறி 1915இல்தான் அமலுக்கு வந்தது. இந்தச் சுவரோ அதற்கு முந்தியது. ஆகவே சோதனை முடிவு வரும்வரை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது, எல்லாம் ஈரத்தில்தான். இறக்கியபின், கணப்பு நீளச்சுவரின் நட்டநடுவில் வந்து நின்றது. பூவேலையில் விட்டுப்போன துண்டுக்கு, பக்கத்து இலையிலிருந்தே அச்சு எடுத்தார்கள்.