சந்திரகிரி ராஜ மகாலும் சென்னைப் பட்டயமும்

சூளூர்பேட்டையை உள்ளடக்கிய இன்றைய திருப்பதி மாவட்டத்தின் மேற்கில் சந்திரகிரிக் கோட்டை உள்ளது. அதனுள் மரமே பயன்படுத்தாமல் கல், செங்கல், சுண்ணாம்புக் காரை கொண்டு எழுப்பப்பட்ட மூன்று தள ராஜ மகால், இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் அருங்காட்சியகமாக விளங்குகிறது. கோட்டை வளாகத்தில் மாலைவேளைகளில் ஒலி-ஒளிக் காட்சியும் நடத்தப்பட்டு வந்துள்ளது. சென்னைக்கான நிலக்கொடை இம்மாளிகையில்தான் கையெழுத்தானது என்பது பலரும் திரும்பத் திரும்ப எழுதும் செய்தி.

ஆவணங்கள் அவ்வளவு எளிதில் இதற்கு இடம்தருவதில்லை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்குக் கிடைத்த கொடை, கடற்கரைப் பகுதியை ஆண்ட தாமர்லா வெங்கடப்ப நாயக்கர் அளித்தது. விஜயநகர அரசர் மூன்றாம் ஸ்ரீரங்கரின் பட்டயமோ 1645இல்தான் வருகிறது. அதன் வாசகம் இரண்டு ஊர்ப்பெயர்களைத் தருகிறது: கம்பெனியார் விட்டு வந்த ஊர் அர்மகான், வந்து சேர்ந்தது அரசர் தம்முடையது என உரிமை கொண்டாடும் ஸ்ரீரங்கராயபட்டணம். இரண்டாம் பெயர் வழக்கில் நிலைக்கவில்லை.

அர்மகான் என்பது சூளூர்பேட்டைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிய துர்கராயப்பட்டணம். கம்பெனிக்கு உதவிய ஆறுமுகம் முதலியாரின் பெயரே அவ்வாறு திரிந்தது என்பர். டே சென்னைக்குப் புறப்பட்டது அங்கிருந்த பண்டகசாலையிலிருந்துதான். சென்னையின் தொடக்கத்தைத் தேடுவோர் சந்திரகிரிக்குச் செல்கின்றனர். அதே மாவட்டத்தின் இக்கடற்கரைக்கோ அரிதாகவே வருகின்றனர்.