ஒரு குதிரைக்கான சொல்லும் ஓர் எல்லைப் பாட்டும்



எல்லைகளின் வரலாறு பெரும்பாலும் ஒப்பந்தங்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1848இல் குவாடலூப் ஹிடால்கோ ஒப்பந்தம் ரியோ கிராண்டே ஆற்றை அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையாக்கியது. இரு கரையிலும் உறவுமுறையோடு வாழ்ந்தவர்கள் இரு நாட்டவரானார்கள். அந்த வாழ்க்கையை ஒப்பந்தத்தாளில் தேடிப் பயனில்லை. கொரிடோ என்னும் கதைப்பாடல்களைக் கேட்க வேண்டும்.

1901 ஜூன் 12. டெக்சாஸின் கார்ன்ஸ் கவுண்டி. குதிரைத் திருட்டை விசாரிக்க ஷெரீப் மோரிஸ், கிரகோரியோ கோர்டெஸ் என்ற மெக்சிகோ உழவரின் வீட்டுக்கு வருகிறார். 'கபாயோ' கைமாற்றினாயா என்று கேட்கிறார் மொழிபெயர்ப்பாளர். அது ஆண்குதிரை. கோர்டெஸ் கைமாற்றியிருந்தது 'யேகுவா', அதாவது பெட்டைக்குதிரை. இல்லை என்றார். பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டினார்கள். ஷெரீப் சுட்டதில் கோர்டெஸின் அண்ணன் காயமடைந்தார். கோர்டெஸ் திருப்பிச் சுட்டதில் ஷெரீப் இறந்தார். நூற்றுக்கணக்கானோர் பத்து நாள் துரத்தி, எல்லைக்கு அருகே அவரைப் பிடித்தார்கள். 1913இல்தான் மன்னிப்பும் விடுதலையும்.

சொன்னது ஒன்று, எழுதப்பட்டது ஒன்று. காவல் நிலையத்தில் புகார் கொடுத்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொள்ளைக்காரன் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதியவரை, உரிமைக்காக நின்றவராக மக்கள் பாடினார்கள். 1929இல் சான் அன்டோனியோவில் ரோச்சா, மார்ட்டினெஸ் இருவரும் அதை இசைத்தட்டில் பதிந்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். எனவே பாட்டு இரு பக்கமாகப் பிரிந்தது. கம்பெனி விற்பனைக்காகச் செய்த தட்டுதான், ஆனாலும் ஆவணம்.

அடுத்து வந்தவர் அமெரிகோ பரேடெஸ். 1915இல் எல்லை ஊரான பிரவுன்ஸ்வில்லில் பிறந்தவர். அந்த மண்ணின் பிள்ளை. 1954இல் டேப் ரெக்கார்டரோடு எல்லைப்புறத்தில் பாடல்களைப் பதிந்தார். பாடுபவர் மாற மாறப் பாட்டும் மாறுவதை ஒப்பிட்டார். டெக்சாஸ் ரேஞ்சர்களைப் புகழ்ந்து 1935இல் நூல் எழுதிய வால்டர் பிரெஸ்காட் வெப் பேராசிரியராக இருந்த அதே பல்கலைக்கழகத்தின் பதிப்பகம், 1958இல் பரேடெஸின் மறுப்பை நூலாக வெளியிட்டது. மக்களின் நினைவு வெறும் வாய்மொழி என்று இனி ஒதுக்க முடியவில்லை. இதைப் பெரிய வெற்றி என்றே கருதுகிறோம்.

ஒரு கேள்வி மட்டும் நமக்கு உறுத்துகிறது. கொரிடோ பெரும்பாலும் ஆண்கள் ஆண்களுக்குப் பாடியது. 1929 தட்டில் பாடிய இருவரும் ஆண்களே. கோர்டெஸைத் தேடிய நாட்களில் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் பிடித்துச் சிறையில் வைத்திருந்தார்கள்.