ருக்மணி தேவி: மேடைச் சிறுமியிலிருந்து இசைத்தட்டுப் பாடகி வரை

ருக்மணி தேவி (15 ஜனவரி 1923 – 28 ஒக்டோபர் 1978) இலங்கையின் சிங்கள நாடக மேடையிலும் இசைத்தட்டிலும் புகழ்பெற்ற பாடகி. முதல் சிங்களப் பேசும் படத்தின் கதாநாயகி. நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் டேசி ராசம்மா டேனியல்ஸ். பிறப்பால் கொழும்புச் செட்டி, சமயத்தால் கிறித்தவர், பாடிய மொழி சிங்களம், மேடைப் பெயரோ இந்தியப் புராணத்திலிருந்து எடுத்தது என்ற இந்தக் கலப்பு இவருக்கு மட்டும் வாய்த்த விநோதம் அன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கொழும்பில் உருவான வெகுசன இசை முழுவதும் இத்தகைய கலப்பில்தான் நின்றது. அதை ஒரே வாழ்க்கையில் முழுமையாகக் காட்டுபவர் என்பதே வரலாற்றில் இவருக்குள்ள தனியிடம்.

கொழும்புச் செட்டிகள் எனப்படுவோர் தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் கொழும்பிலும் மேற்குக் கரையோர ஊர்களிலும் நிலைபெற்ற சமூகத்தினர். இவர்களுள் பலர் கத்தோலிக்கராகவும் புரட்டஸ்தாந்தராகவும் மாறி, ஆங்கிலக் கல்வி பெற்று, அரச சேவையிலும் தனியார் உத்தியோகங்களிலும் அமர்ந்தனர். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்ட சைமன் காசிச்செட்டியும் செட்டி சமூகத்தவரே. டேனியல்ஸ் குடும்பம் றம்பொடையில் இருந்த காலத்தில் பிறந்தபோதிலும், ருக்மணி வளர்ந்ததும் படித்ததும் கொழும்பில் ஆதலால், அவரை மலையகப் பாடகி என்று உரிமை கொண்டாடுவது பொருந்தாது. தேயிலை மலைகளில் பிறந்தவர் என்பதும் தேயிலை மலைகளின் பாட்டு மரபிலிருந்து வந்தவர் என்பதும் வெவ்வேறு.

அந்த மரபு வேறொரு தடத்தில் சென்றது. 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் எட்டிய ரயில் பாதை ஊவாத் தோட்டங்களைக் கொழும்போடு இணைத்திருந்தது. எனினும் லயங்களில், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழ்ந்த ஓரறை வீடுகளில், வழங்கிய தாலாட்டும் ஒப்பாரியும், மாசி மாதத்துக் காமன் கூத்துப் பாடல்களும் இசைத்தட்டு வணிகத்தின் கண்ணில் பெரிதாகப் படவில்லை. 1930களிலும் 1940களிலும் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடல் இயற்றிப் பாடிய மீனாட்சி அம்மையின் பெயர் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள் வழியாகவே இன்று அறியப்படுகிறது. தோட்டப் பாடல்களைப் பின்னாளில் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளைக்கும் தொகுப்பை நூலாகத் தர முடிந்ததேயன்றி ஒலியாகத் தர வாய்க்கவில்லை. றம்பொடையில் பிறந்த குழந்தையின் குரல் தட்டில் பதிவானதற்கு அவரது திறமை ஒரு காரணம். பள்ளி, நாடகக் கொட்டகை, ஒலிப்பதிவு வணிகம் ஆகியவை அருகருகே இருந்த நகரத்தில் அவர் வளர்ந்தது மற்றொரு காரணம்.

அந்நகரத்தின் மேடை ஏற்கெனவே பல மரபுகளின் சங்கமமாக இருந்தது. சிங்களவர் 'நாடகம' என்று வழங்கிய பழைய இசை நாடகம் தமிழ்க் கூத்திலிருந்து கத்தோலிக்கர் வழியாக உருவானது. அதன் மெட்டுகள் தென்னிந்தியச் சாயல் கொண்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் பாதிப்பில் 'நூர்த்தி' என்ற புதிய வடிவம் தோன்றியது. வரைந்த திரைகள், பளபளக்கும் உடைகள், வட இந்திய மெட்டுக்குச் சிங்களச் சொற்களை அமைத்த பாடல்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். நூர்த்தியை நிலைநிறுத்திய ஜோன் டி சில்வா தம் நாடகங்களுக்கு இசையமைக்க இந்தியாவிலிருந்து விசுவநாத் லவ்ஜியை வரவழைத்தார். 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் இவ்வகை நாடகங்களின் தலைமை அரங்கமாயிற்று. பெண் வேடங்களை ஆண்களே கட்டிய வழக்கம் மெல்ல மாறி, ஆனி பொத்தேஜு, லட்சுமிபாய் முதலியோர் பெயர்பெற்ற பிறகே, பாடத் தெரிந்த ஒரு சிறுமிக்கு மேடை ஒரு வழியாகத் திறந்தது.

டேசியின் முதல் மேடை பள்ளி மேடை. ஏழு வயதளவில் நத்தார் நாடகமொன்றில் நடித்ததிலிருந்து அவரது பாட்டுத் திறன் கவனத்திற்கு வந்தது. 1930களின் நடுப்பகுதியில், பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே, வோல்டர் அபேசிங்கவின் இராமாயண நாடகத்தில் சீதையாக நடித்தார். கிறித்தவச் சிறுமி சீதையாவதை அக்காலத்து இரசிகர்கள் குறையாகக் கொள்ளவில்லை, ஏனெனில் அவர்கள் காசு கொடுத்து வந்தது குரலுக்காக. பின்னர் டிக் டயஸின் நாடகங்களிலும், அதன்பின் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா குழுவிலும் இடம்பெற்றார். நீர்கொழும்பைச் சார்ந்த இக்குழு, புராணக் கதைகளை விட்டு, காதல், சீதனம், வஞ்சகம் என்று நடுத்தர வர்க்கத்தின் சமகாலச் சிக்கல்களைப் பாட்டும் நகைச்சுவையும் கலந்து நடத்தியது. ஜயமான்னவின் தம்பியும் குழுவின் நகைச்சுவை நடிகருமான எடி ஜயமான்னவையே ருக்மணி மணந்தார்.

இசைத்தட்டு உலகில் அவர் நுழைந்தது 1930களின் இறுதியில், பதினைந்து பதினாறு வயதில். எச்.எம்.வி. முத்திரையில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து பாடிய 'சிறி புத்தகயா விகாரே' என்ற பாடலே அந்த நுழைவு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டிய பாடலுக்குத்தான் இடமுண்டு. ஆகவே, இரவு முழுதும் நீளக்கூடிய நாடகப் பாட்டின் ஆலாபனையும் 'ஒன்ஸ்மோர்' கேட்ட திரும்பப் பாடல்களும் கழிந்து, பல்லவியும் சில அடிகளுமாகச் சுருங்கிய தனிப்பாடல் என்ற வடிவம் பிறந்தது. 1925 வாக்கில் மைக்கைக் கொண்டு பதிவுசெய்யும் மின்முறை வந்துவிட்டதால், கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி தொண்டையைத் திறந்து பாடப் பழகியவர்களும் குரலைத் தணித்துப் பாட இயன்றது. ருக்மணியின் குரலில் மேடையின் கனமும் மைக்குக்கு உரிய நெருக்கமும் ஒருங்கே இருந்தன; அவரோடு மேடையேறிய பலருக்கு இது கைகூடவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அந்த முதல் பாடலின் பொருளும் கவனிக்கத்தக்கது. புத்தர் ஞானம் பெற்ற புத்தகயையைப் போற்றும் பௌத்த பக்திப் பாடலை ஒரு கிறித்தவச் சிறுமி பாட, அது சிங்கள இல்லங்களில் நிலைபெற்றது. சேலத்தில் பிறந்த இசுலாமியரான மொகிதீன் பேக் பௌத்த பக்திப் பாடல்களுக்கே பெயர்பெற்றதும், தென்னிந்தியரான முகம்மது கவுஸ் சிங்களப் பாடல்களுக்கு மெட்டமைத்ததும், ரீட்டா பெர்னாண்டோ என்ற பெண் லதா வல்பொல என்ற பெயரில் பாடகியானதும் இதே சூழலின் விளைவுகள். இதை நல்லிணக்கத்தின் பொற்காலம் என்று வருணிப்பது இன்று எளிதாகிவிட்டது. உண்மையில் அது பெரிதும் ஒரு சந்தை. டேசி ராசம்மா என்ற பெயர் தட்டின் முகத்தில் ஒட்டிய தாளில் இடம்பெறாததும் அச்சந்தையின் கணக்குத்தான்.

மினர்வா நாடகமான 'கடவுனு பொரொந்துவ' (மீறப்பட்ட வாக்குறுதி) முதல் சிங்களப் பேசும் படமானபோது இக்கலப்பு இன்னும் வெளிப்படையாயிற்று. தயாரித்தவர் தமிழரான எஸ். எம். நாயகம், எடுக்கப்பட்ட இடம் மதுரையில் அவரது சித்திரகலா மூவிடோன், இயக்கியவர் வங்காளியான ஜோதிஷ் சின்ஹா, இசை நாராயண ஐயர். 1947 ஜனவரி 21 அன்று கொழும்பில் திரையிடப்பட்ட இப்படத்தில் கதாநாயகி ரஞ்சனியாக நடித்த ருக்மணி, தம் பாடல்களைத் தாமே பாடினார். ஆனால் சந்தை ஏற்ற இக்கலப்பை அரசியல் ஏற்கவில்லை: அடுத்த ஆண்டில் வந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

பின்னணிப் பாடல் முறை, அதாவது ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் முறை, 1950களில் வேரூன்றியபோது, 'பாடும் நடிகை' என்ற வகையே படிப்படியாக மறைந்தது. ஜயமான்ன குழுவின் தொடர் படங்கள் நின்றபின் நாயகி வேடங்கள் குறைந்தன. 1974இல் தர்மசேன பத்திராஜவின் 'அஹஸ் கவ்வ' போன்ற புதிய அலைப் படத்தில் அவரைக் காண முடிகிறது என்றாலும், பிற்கால வாழ்வை நடத்தியது பெரும்பாலும் இசை நிகழ்ச்சிகளே. கிற்றாரும் டிரம்ஸும் கொண்ட இளைஞர் இசைக்குழுக்களோடு ஊர் ஊராகச் சென்று பழைய இசைத்தட்டுப் பாடல்களைப் பாடிவந்தார். மாத்தறையில் அத்தகைய நிகழ்ச்சியொன்றை முடித்து நீர்கொழும்பிலிருந்த வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஜா-எலைக்கு அருகே துடெல்லையில் நேர்ந்த கார் விபத்தில் இறந்தார்.